இலுப்பையடி ஏழு மா நிலமும் என் மகளின் ஊனமுற்றோர் உதவித்தொகையும்

அனுப்புநர்
தங்கமணி, வயது 45,
காலஞ்சென்ற பக்கிரியின் மனைவி,
கீழத்தெரு, ஆலங்கொத்தூர் கிராமம்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு வருவாய்க் கோட்ட அலுவலர் அவர்கள்,
வருவாய்க் கோட்ட அலுவலகம்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பொருள்: இரண்டு கால்களும் விளங்காத என் மகள் அம்சம் (வயது 19) ஊனமுற்றோர் உதவித்தொகை கேட்ட மனு, நிலம் இருப்பதாகக் காரணம் சொல்லித் தள்ளுபடி ஆனது – மேல்முறையீடு – அந்த நிலத்தை நேரில் வந்து பார்த்து முடிவு சொல்லக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தாசில்தார் அவர்களின் உத்தரவு, நாள் 14-10-1983. எங்கள் கையில் கிடைத்தது 18-11-1983.

மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு,

கும்பிட்டு எழுதிக்கொள்வது. நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். இந்த மனுவை நானே எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறேன். தப்பான இடங்களை என் மகள் திருத்தியிருக்கிறாள். நீளமாகப் போய்விட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும். சுருக்கி எழுதினால் பொய் போலத் தெரிகிறது.

1. நான் விவசாயக் கூலி. என் கணவர் பக்கிரி எங்கள் ஊர்ப் பெரிய பண்ணையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். எங்களுக்கு ஒரே பெண், அம்சம். ஐந்து வயதில் அவளுக்குக் காய்ச்சல் கண்டு இளம்பிள்ளை வாதம் வந்தது. இரண்டு காலும் சூம்பிவிட்டன. உட்கார்ந்தபடி கையை ஊன்றி வீட்டுக்குள் நகர்வாள். வாசல்படி தாண்ட வேண்டுமென்றால் ஒருவர் தூக்க வேண்டும். அவள் அப்பா இருந்தவரை அவர் தூக்கினார். ஐந்தாம் வகுப்பு முடிகிற வரை பள்ளிக்கூடத்துக்கும் அவர்தான் தோளில் வைத்துக்கொண்டு போனார். காலையில் அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வயலுக்குப் போவார். அதனால் தினமும் பண்ணைக்குப் பிந்திப் போய், தினமும் ஏச்சு வாங்குவார்.

2. என் கணவர் 1982 புரட்டாசி மாதம் இறந்துபோனார். பண்ணையின் இலுப்பையடிப் பங்கு என்று சொல்லுகிற ஏழு மா வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தவர், மதியத்துக்கு மேல் நெஞ்சை அடைக்கிறது என்று வாய்க்கால் தண்ணீர் வயலுக்குப் பிரிகிற மடைத்தலைப்பில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்த நான் செம்பை எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. கையில் அரைக் கட்டு நாற்று இருந்தது. விரலைப் பிரித்துத்தான் அதை எடுத்தார்கள். வீட்டுக்கு நேர்வழி அந்த வயல் வரப்புதான். வரப்பு வழியாகத் தூக்கிப் போனால் நாற்று மிதிபடும் என்று பண்ணை ஏஜெண்டு சொன்னதால் வாய்க்கால் கரையைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம். அன்றைக்கு அது எனக்குத் தப்பாகப் படவில்லை. அவர்கள் வரப்பு, அவர்கள் நாற்று. பதினாறாம் நாள் கருமாதிக்குப் பண்ணையிலிருந்து அரிசி வந்தது. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது முடிந்த பிறகு அதே வயலில் நான் களையெடுத்தேன்.

3. அவர் போன பிறகு அம்சத்தைத் தூக்குவது என் வேலை. எனக்கு முதுகுத்தண்டில் வலி இருக்கிறது. நான் வேலைக்குப் போனால் வருகிற வரை அவள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். எனக்குப் பிறகு அவளுக்கு யாரும் இல்லை. ஊனமுற்றவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் மணியார்டரில் பணம் அனுப்புகிறது என்று பத்திரிகையில் படித்து அவளே சொன்னாள். 1983 மாசி மாதம் மனுப் போட்டோம். டாக்டர் சான்று வேண்டும் என்றார்கள். பஸ்ஸில் ஏற்ற முடியவில்லை. கூத்தாநல்லூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஜெகபர் அலி பாய் சரக்கு எடுக்கத் திருவாரூர் போகிற மூன்று சக்கர வண்டியில் இடம் கொடுத்தார். மூட்டைக்கு நடுவில் அவளை உட்கார வைத்தோம். "நானும் ஒரு மூட்டைதான் பாய், வெல போட்டு எறக்கிடாதீங்க" என்று அவள் சிரித்தாள். "இது விக்கிற சரக்கு இல்ல தாயீ" என்று அவரும் சிரித்தார். அவள் அப்பா போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். டாக்டர் கால் இரண்டையும் தட்டிப் பார்த்து, நூற்றுக்கு எண்பது ஊனம் என்று எழுதிக் கொடுத்தார். சான்று இணைத்திருக்கிறேன்.

4. எட்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. மனுதாரரின் தகப்பனார் பேரில் சர்வே எண் 114/3-ல் இரண்டு ஏக்கர் முப்பத்தொரு சென்ட் நஞ்சை இருப்பதால் மனுதாரர் ஆதரவற்றவர் அல்ல, மனு தள்ளுபடி, என்று அதில் இருக்கிறது. எங்கள் ஊரில் பக்கிரி என்று மூன்று பேர் உண்டு. வேறு பக்கிரியோடு குழப்பிவிட்டார்கள் என்று நினைத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். அவர் தெற்குச் சீமையிலிருந்து வந்த சின்ன வயதுப் பிள்ளை, வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. எந்த நிலம் யார் பேரில் என்று எழுதி வைக்கிற அடங்கல் புத்தகத்தை எடுத்து விரல் வைத்துப் படித்துக் காட்டினார். பக்கிரி, தகப்பனார் பெயர் சின்னாப்பிள்ளை. அது என் மாமனார் பெயர். "ஆலங்கொத்தூர்ல சின்னாப்பிள்ளை மகன் பக்கிரி இன்னொருத்தர் இருக்காராம்மா?" என்று கேட்டார். இல்லை. எந்த வயல் என்று கேட்டேன். மா ஒன்றுக்கு முப்பத்துமூன்று சென்ட் கணக்கில், இலுப்பையடி ஏழு மா என்றார்.

அந்த வயல் 1970-ஆம் வருடத்திலிருந்து என் கணவர் பேரில் இருக்கிறதாம். தீர்வை அவர் பேரில் கட்டியிருக்கிறதாம். சாகுபடி செய்வது யார் என்ற இடத்தில் "சொந்த சாகுபடி" என்று எழுதியிருந்தது. அது ஒரு விதத்தில் உண்மை. அதை உழுததும், வரப்பில் அண்டை வெட்டியதும், நட்டதும், அறுத்ததும் அவர்தான். நெல் மட்டும்தான் வீட்டுக்கு வரவில்லை.

அந்தப் பிள்ளை மேல் எனக்குக் குறை இல்லை. புத்தகத்தில் இருப்பதைத்தான் நான் எழுத முடியும் அம்மா என்று சொன்னார். பழைய கணக்குப்பிள்ளை இருந்திருந்தால் அது யாருடைய நிலம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தவர் அதை எழுதியிருக்க மாட்டார். இவருக்குத் தெரியாததால் எழுதிவிட்டார். அதனால்தான் எங்களுக்கும் தெரிந்தது.

5. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். அந்த 1970-ஆம் வருடம் ஒருநாள் பண்ணையில் பதினோரு ஆட்களுக்குப் புது வேட்டி கொடுத்தார்கள். டிராக்டர் பெட்டியில் ஏற்றி டவுனுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். ஒரு ஆபீசில் வரிசையாக உட்கார வைத்துக் கைநாட்டு வாங்கிக்கொண்டு, காபி கிளப்பில் இட்லியும் காபியும் வாங்கிக் கொடுத்தார்களாம். அதற்கு முன்னால் அவர் கிளப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிட்டது கிடையாது. என்ன கைநாட்டு என்று நான் கேட்டேன். "பண்ணைக்கு ஏதோ சாட்சின்னாங்க. அதெல்லாம் கேக்கலாமா?" என்றார். பண்ணையில் கைநாட்டு வைக்கச் சொன்னால் எதற்கு என்று கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. கேட்டால் நம்பிக்கை இல்லாதவன் என்று ஆகிவிடும். நெல் கடன் வாங்கும்போதும் வைப்போம், வெறும் தாளில்கூட வைத்திருக்கிறோம். இதையும் அப்படி வைத்தார்.

அன்றைக்கு அவர் தையல் இலையில் கட்டி அல்வா வாங்கி வந்தார். டிராக்டர் சத்தம் கேட்டதும் அம்சம் தெருமுனை வரைக்கும் ஓடிப்போய் அதை வாங்கிக்கொண்டு திரும்பவும் ஓடி வந்தாள். அந்த வருடம் ஐப்பசியில்தான் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அதனால் எனக்கு அந்த நாள் மறக்கவில்லை. அவள் ஓடியதை நினைத்துத்தான் அந்த நாளை வைத்திருந்தேன். அவர் நிலத்துக்காரர் ஆன நாளும் அதுதான் என்று பதின்மூன்று வருடம் கழித்து உத்தரவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவருக்கு அதைத் தெரிந்துகொள்ளக்கூடக் கிடைக்கவில்லை. தன் பேரில் ஏழு மா இருப்பது தெரியாமலேயே, அந்த ஏழு மாவில் கூலிக்கு நாற்றுப் பறித்துச் செத்துப்போனார்.

6. ஏன் அவர் பேரில் எழுதினார்கள் என்பது அய்யா அவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பைச் சட்டம் போட்டு இன்னும் குறைத்த வருடம் அது. கூலிச் சண்டை நடந்த வருடங்களில் எங்கள் தெருவில் கொடி பிடித்தவர்களும் உண்டு. அவர்கள் பேரில் யாரும் நிலம் எழுதவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள் பேரில்தான் எழுதினார்கள். என் கணவர் சொன்ன பேச்சைக் கேட்கிறவர். அவரோடு அன்றைக்கு டிராக்டரில் போன மற்றப் பத்துப் பேரின் பெயரை நான் இதில் எழுதவில்லை. இருக்கிறவர்கள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள்.

7. நான் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் வந்த நாலாம் நாள் பண்ணை ஏஜெண்டு இராஜாங்கம் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார். பண்ணையார் குடும்பம் மெட்ராசில் இருப்பதால் எல்லாம் அவர்தான். எங்கள் தெருவுக்குள் அவர் வந்து நான் பார்த்ததில்லை. கையில் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பக்கிரி இறந்துவிட்டதால் வாரிசுகள் நானும் அம்சமும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். கோபமாகப் பேசவில்லை. "ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன் தங்கமணி. பேருல நெலம் இருக்கறதாலதான ஒம் மவளுக்குப் பென்சன் இல்லங்கறான். கையெழுத்தப் போட்டுட்டா ஒனக்கு நெலம் இல்ல. நெலம் இல்லன்னா பென்சன் தானா வரும். தாசில்தாரு ஆபீசுல நானே சொல்லி முடிச்சுத் தர்றேன்" என்றார்.

நான் சரி என்று தலையாட்டிவிட்டேன் அய்யா. மறைக்கவில்லை. பேனாவை வாங்கக் கையையும் நீட்டினேன். உள்ளே உட்கார்ந்திருந்த அம்சம் அங்கிருந்தே, "அப்ப எங்களுக்கு நெலம் இருக்குங்கிறீங்களா அய்யா?" என்று கேட்டாள்.

அவர் நீட்டிய பேனாவை இழுத்துச் சட்டைப் பையில் செருகினார். "காலு ரெண்டும் நடக்கல, வாயி மட்டும் நாலு ஊருக்கு நடக்குது" என்றார்.

"இந்த ஒரு ஊரு வயலப் பத்தித்தாங்க கேட்டேன்" என்று சொன்னாள் அவள்.

பத்திரத்தை மடித்து எடுத்துக்கொண்டு, பொங்கல் வரைக்கும் யோசித்துச் சொல்லும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு நான் அம்சத்தைத் திட்டினேன். அவர்களோடு நாம் எதிர்த்து நிற்க முடியுமா என்று கேட்டேன். நான் எங்கே எதிர்த்து நிற்கிறேன், உட்கார்ந்துதான் இருக்கிறேன் என்றாள் அவள். அவள் அப்படித்தான் பேசுவாள்.

8. பிறகு பல நாள் யோசித்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டால் என் கவலை தீரும். நிலம் போகிறதே என்ற வருத்தமும் எனக்கு இல்லை, நான் அதை வைத்திருந்தது இல்லை. ஆனால் அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்றால், என் கணவருக்குப் பாத்தியப்பட்டு அவர் அனுபவித்து வந்த நிலத்தை நாங்கள் மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறோம் என்று. அவர் என்ன அனுபவித்தார்? ஒரு வேட்டி, ஒரு வேளை இட்லி, ஒரு பொட்டலம் அல்வா. அவர் செத்தபோது அந்த வரப்பு வழியாக வீட்டுக்கு வரக்கூட முடியவில்லை. அவர் தெரியாமல் ஒரு கைநாட்டு வைத்தார். அதைப் பொய் என்று தெரிந்துகொண்டே நான் ஒன்று வைத்தால், அவரும் தெரிந்துதான் வைத்தார் என்று ஆகிவிடும். அதனால் நான் கையெழுத்துப் போடவில்லை.

பேராசையில் போடவில்லை என்று ஊரில் சிலர் பேசுகிறார்கள். அய்யா அவர்கள் அப்படி நினைக்க வேண்டாம்.

9. ஏஜெண்டு வந்துபோன நாளிலிருந்து பண்ணையில் என்னை வேலைக்குக் கூப்பிடுவதில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை. காலையில் ஆள் எண்ணும்போது என்னை எண்ணுவதில்லை, அவ்வளவுதான். இரண்டு மைல் நடந்து அடுத்த ஊருக்குப் போகிறேன். நான் வருகிற வரை அம்சம் கையெட்டும் தூரத்தில் சோறும் தண்ணீரும் பழைய பத்திரிகையும் வைத்துக்கொண்டு இருக்கிறாள். போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, நான் திரும்புகிற வரை அவள் நெல் குதிர் மேடையில் கையால் ஏறி உட்கார்ந்திருந்தாள். குதிரில் நெல் இல்லை. இரண்டு ஏக்கர் முப்பத்தொரு சென்ட் நஞ்சைக்காரர் வீட்டில் அன்றைக்கு நிலைமை இது.

10. ஆகவே நான் கேட்பது இரண்டும் அல்ல, இரண்டில் ஒன்று. சர்வே எண் 114/3 எங்களுடையது என்றால், எங்களை அதில் இறக்கிவிட்டு உத்தரவு கொடுங்கள். உதவித்தொகை மனுவை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம். நிலம் உள்ளவர்களுக்கு எதற்கு உதவித்தொகை? அது எங்களுடையது அல்ல என்றால், அதை எழுத்தில் சொல்லி என் மகளுக்கு உதவித்தொகை கொடுங்கள். யாருடையது என்று அதற்குப் பிறகு அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும். உதவித்தொகை கேட்டுப் போனால் நிலம் எங்களுடையது, நெல் கேட்டுப் போனால் எங்களுடையது அல்ல என்று இரண்டு பக்கமும் சொல்லி ஒரு பெண்ணை நடுவில் உட்கார வைப்பது நியாயமில்லை என்பது என் தாழ்மையான எண்ணம்.

11. இதைக் காகிதத்தை வைத்துத் தீர்க்க முடியாது. காகிதமெல்லாம் அவர்கள் பக்கம் ஒழுங்காக இருக்கிறது. இலுப்பையடிப் பங்கில் பயிர் பழுத்து நிற்கிறது. பொங்கல் கழிந்து தை மாதம் பத்தாம் தேதி அறுப்பு இறங்கப் போவதாகச் சொல்கிறார்கள். நெல் களத்துக்குப் போய்விட்டால் அது யார் நெல் என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. அன்றைக்குக் காலையில் அய்யா அவர்கள் அந்த வயலுக்கு வந்து, அறுக்கிற ஆட்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். சாயங்காலம் கூலி நெல்லை யார் களத்தில் வாங்குவீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் பயந்துகொண்டு பதில் சொல்லாவிட்டாலும் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். அதுவே பதில்.

நாங்கள் அங்கே இருப்போம். தகராறு எதுவும் செய்ய மாட்டோம். என் கணவர் உட்கார்ந்த மடைத்தலைப்பில் உட்கார்ந்திருப்போம். அது நீர்க்கரைப் புறம்போக்கு, யார் பேரிலும் இல்லை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

இந்த மனுவில் நானும் என் மகளும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டோம்.

எங்கள் வீட்டிலிருந்து அந்த வயல் முக்கால் மைல். அம்சத்தை நான் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். அய்யா அவர்கள் நடந்து வந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கமணி
அம்சம்

இடம்: ஆலங்கொத்தூர்
நாள்: 2-1-1984

இணைப்பு:
தாசில்தார் அவர்களின் உத்தரவு நகல்.
டாக்டர் சான்று நகல்.
என் கணவரின் இறப்புச் சான்று.
நிலப் பத்திரம் எங்களிடம் இல்லை. பண்ணை ஏஜெண்டு அவர்களிடம் இருக்கிறது.